அடியில் யாருமில்லாத நட்சத்திரம்

பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் முப்பத்தொரு மார்க் வாங்கிப் பெயிலான ஒருத்தியைத்தான் அந்தப் பதிப்பகம் இங்கிலீஷ் அகராதிக்கு ப்ரூஃப் பார்க்க உட்கார வைத்திருந்தது. நம்பாதவர்கள் மாடி ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். பதினாறு படி, பாதிப் படியில் பசை வாடை, மேலே இடதுபக்கம் இரண்டாவது மேசை. காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில், பார்வையில் பென்சில் சீவி.

ஆபீசில் அவளுக்கு அகராதி என்று பேர். அகராதிக்கு ப்ரூஃப் பார்ப்பதால் வந்த பேரா, இல்லை குணத்தைப் பார்த்து வைத்த பேரா என்பதில் பைண்டிங் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் இருபது வருஷமாகத் தகராறு. அவளைக் கேட்டால், "ரெண்டுக்கும் சேர்த்தே வச்சுக்கோங்க, எனக்கென்ன" என்பாள்.

பதினெட்டு வயதில் கீழே பைண்டிங்கில் தாள் மடிக்கத்தான் வந்தாள். வந்த மூன்றாம் மாதம், மடித்துக்கொண்டிருந்த அகராதியில் 286-ஆம் பக்கத்துக்கு அடுத்து 288 வருவதைப் பார்த்துவிட்டு, கையில் பசையோடு நேராக முதலாளியம்மா முன்னால் போய் நின்றாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார் முதலாளியம்மா.

"பெயிலாகற அளவுக்குத் தெரியும்மா."

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் மேசை மேல் இருந்த தாள் பறந்தது என்று பைண்டிங்கில் இன்னும் சொல்கிறார்கள். அது மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். எப்படியோ, அடுத்த வாரம் அவள் மாடிக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷமாக அங்கேயேதான்.

ப்ரூஃப் பார்ப்பது தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருத்தர் மூலத்தை உரக்க வாசிக்கவேண்டும், இன்னொருத்தர் அச்சடித்து வந்த ப்ரூஃபில் கண்ணை ஓட்டவேண்டும். வாசிக்கிறவர் கமா, புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும். அகராதிக்கு வாசிக்கிறவள் அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. வீட்டிலும் வாய் மூடாதவள் என்பதால் இந்த வேலைக்கு அவளே பொருத்தம் என்று அகராதிதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். சேர்த்ததன் பலன், இப்போது வீட்டிலும், "அண்ணி கமா குழம்புல உப்பு இல்லை புள்ளி" என்றுதான் பேச்சே வருகிறது.

மாடியில் இன்னொரு சட்டமும் உண்டு. தப்பை அடிக்கும்போது ஒரே கோடுதான் போடவேண்டும். அடித்தது என்ன என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியவேண்டும். கிறுக்கி மறைப்பது ஸ்கூல் பிள்ளைகள் வேலை. அகராதி இருபத்திரண்டு வருஷத்தில் லட்சம் கோடு போட்டிருப்பாள். ஒன்றைக்கூடக் கிறுக்கி மறைத்ததில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அவளுக்கு ஒரு ஆசை முளைத்தது. அது முளைத்தது டிசாஸ்டர் என்ற வார்த்தையில். பெரிய அகராதி ஒன்றுக்கு ப்ரூஃப் பார்க்கும்போது, அந்த வார்த்தைக்கு எதிரே பொடி எழுத்தில் பழைய பொருள் போட்டிருந்தது: கெட்ட நட்சத்திரம். அவள் பென்சிலை மேசையில் வைத்துவிட்டாள். முப்பத்தொரு மார்க் வந்த அன்றைக்கு அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து, "இவ நேரமே சரியில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. இதையே ஒரு வெள்ளைக்காரன் ஒரு வார்த்தைக்குள் மடித்து வைத்திருக்கிறான்! அதுவும் இங்கிலீஷில்! எந்த இங்கிலீஷ் அவளைப் பெயிலாக்கி அழவைத்ததோ அதே இங்கிலீஷில்!

அன்றிலிருந்து வேட்டை. கீழே வெட்டும் இயந்திரம் தள்ளிவிடுகிற இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வருவாள். ஒரு துண்டுக்கு ஒரு வார்த்தை. கன்சிடர் என்றால் நட்சத்திரங்களைக் கூர்ந்து பார்ப்பது என்று சொல்வார்கள். டிசையர் என்றால் நட்சத்திரம் என்ன தரும் என்று காத்துக்கிடப்பது. பிளானெட் என்றால் அலைகிறவன். இன்ஃப்ளுயென்சா என்றால் நட்சத்திரத்திலிருந்து ஏதோ வழிந்து மனுஷன் மேல் இறங்குவது, அப்புறம்தான் அது காய்ச்சலாச்சு. சாட்டர்னைன் என்றால் சனியின் பார்வையில் பிறந்த மூஞ்சி. "நாம சனியனேன்னு சுருக்கமா திட்டறோம், அவங்க கோட்டு சூட்டு மாட்டி அனுப்பறாங்க" என்பாள் நாத்தனாரிடம்.

ஏழு வருஷத்தில் எழுபத்துமூன்று துண்டு சேர்ந்தது. வீட்டுக்காரருடைய ஒன்பதாம் நம்பர் செருப்பு வந்த பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர். "இதை வச்சு என்ன பண்ணப் போற?" என்று ஒருநாள் கேட்டார்.

"புத்தகமாப் போடச் சொல்லப் போறேன். எத்தனை பேரோட பேரை நான் திருத்தியிருக்கேன் தெரியுமா? இனிஷியல் விட்டுப்போனா ஓடிப்போய் சேர்த்திருக்கேன். ஒரு புத்தகத்துல, ஒரே ஒரு ஓரத்துல, என் பேரும் வரட்டுமே."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு ஓரம்.

பெட்டியை அவள் கொண்டுபோய்க் கொடுத்தது தலைமை ஆசிரியரிடம். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் இல்லை, பதிப்பகத்துத் தலைமை ஆசிரியர். எந்தப் புத்தகமாக இருந்தாலும் அட்டையில் அவர் பேர் கொட்டை எழுத்தில் வரும் என்பதால் அவருக்குக் கொட்டை எழுத்தார் என்று பேர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே தேடி மேசைக்கு மேசை அலைகிறவர். பக்கத்திலிருப்பவர் தேநீரைத் தன்னுடையது என்று நினைத்துக் குடித்துவிடுகிறவர். நினைத்து என்பது மரியாதைக்குச் சொல்வது. பேசுவதற்கு முன் மூன்று தரம் தொண்டையைச் செருமுவார். பச்சை மை பேனாவால் எதிலும் கையெழுத்துப் போடுவார், எதையும் படிக்கமாட்டார். நாத்தனார் வாசித்து அகராதி பார்த்த ப்ரூஃபில் தப்பிருக்காது என்பதால் அவர் பிழைப்பு ஓடியது.

பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். செருமினார். "கன்சிடர் பண்றேன்மா. வச்சுட்டுப் போ."

எட்டு மாதம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அகராதியின் மேசைக்குப் புது ப்ரூஃப் வந்தது. மூலம் எங்கே என்று கேட்டால், "அது சார்கிட்ட இருக்கு, நீங்க சும்மா எழுத்துப் பிழை மட்டும் பார்த்தா போதுமாம்" என்றார்கள். நாத்தனார் ப்ரூஃபையே எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"தலைப்பு கமா இல்லை, 'விண்மீன் சொற்கள்'. அடுத்த வரி, கொட்டை எழுத்துல கொட்டை எழுத்தார் பேரு. அடுத்து டிசாஸ்டர், பழைய பொருள் கெட்ட நட்ச..." அங்கே நின்றாள். "அண்ணி?"

"வாசி."

"அண்ணி, இது உன்னோடது."

"வாசிடீ. கமா விடாம வாசி."

எழுபத்துமூன்றையும் வாசித்தாள். அகராதி ஒரு தப்பு விடாமல் திருத்தினாள். தன்னிடமிருந்து திருடிய வீட்டுக்குத் தானே வெள்ளையடித்துக் கொடுத்த மாதிரி. கடைசிப் பக்கம் முடிந்ததும் எழுந்து, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, கொட்டை எழுத்தார் அறைக்குப் போனாள்.

"சார், இதுல என் பேரு..."

அவர் மூன்று தரம் செருமினார். அவள் மேசையிலிருந்து அவளே கையில் எடுத்துக்கொண்டு வந்த தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "துண்டுக் காகிதம் யாரு வேணா சேர்க்கலாம்மா. புத்தகம்னா அதுக்கு ஒரு பேரு வேணும். சரி, நீ ரொம்ப ஆசைப்படற. தலைப்புப் பக்கத்துல ஒரு ஆஸ்டெரிஸ்க் போட்டு, அடியில உன் பேரைப் போட்டுடலாம். அதுவும் நட்சத்திரம்தானே. உனக்கு அது போதும்."

ஆஸ்டெரிஸ்க் என்றால் சின்ன நட்சத்திரம். அவள் பெட்டியில் நாற்பத்தொன்றாம் துண்டு. தனக்கே அதைச் சொல்லித் தருகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆனாலும், மறைப்பானேன், சாயங்காலம் வீட்டுக்குப் படி இறங்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓரம்தானே கேட்டோம், ஓரம் வந்துவிட்டது என்று.

புத்தகம் வந்தது. தலைப்புக்குப் பக்கத்தில் ஆஸ்டெரிஸ்க் இருந்தது. அடியில் ஒன்றுமில்லை. கடைசி நேரத்தில் பேரை எடுக்கச் சொன்னவர் நட்சத்திரத்தை எடுக்க மறந்திருக்கிறார். வெள்ளைத் தாளில் தன்னந்தனியாக அது நின்றது, பேருந்து போனபிறகு நிறுத்தத்தில் நிற்கிற ஆள் மாதிரி. முன்னுரையில் அச்சக ஊழியர்களுக்கு நன்றி, காகிதம் கொண்டுவந்தவருக்கு நன்றி, மின்சாரம் போகாமல் பார்த்துக்கொண்டவருக்குக்கூட நன்றி.

"விட்டுத் தள்ளு" என்றார் வீட்டுக்காரர்.

"தள்ளறேன். எங்க தள்ளணுமோ அங்க தள்ளறேன்" என்றாள் அகராதி.

அவள் அன்றைக்கு அழவில்லை. அழுதிருந்தால் நாத்தனாருக்குப் பயம் வந்திருக்காது. உட்கார்ந்து பத்து பென்சிலை வரிசையாகச் சீவி வைத்தாளே, அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

ஒரு வருஷம் போனது. பள்ளிக்கூடங்களில் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். ஆனால் வெறும் பொருள் இருந்தால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும் என்றார்கள். எழுபத்துமூன்று வாக்கியம் எழுதக் கொட்டை எழுத்தாருக்குக் கை வலிக்காதா?

"இந்தாம்மா, இதுக்கெல்லாம் ஒண்ணொண்ணு எழுதிடு. குழந்தைங்களுக்குப் புரியற மாதிரி, நம்ம கண்ணால பார்க்கற விஷயமா இருக்கணும்."

"நான் தினம் கண்ணால பார்க்கறதையே எழுதலாமா சார்?"

"அதான் வேணும். வாழ்க்கையிலேர்ந்து எழுதணும்."

அகராதி அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டாள். பழையபடி வெட்டும் இயந்திரத்தடியிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்து வந்தாள். மூன்று வாரம், தினமும் சாப்பாட்டு வேளையில், ஒரு துண்டுக்கு ஒரு வாக்கியம். எழுதும்போது அவள் முகத்தைப் பார்த்தால், சாப்பிடாத சாப்பாட்டைவிட ருசியான எதையோ மெல்லுகிற மாதிரி இருக்கும்.

அச்சுக்குப் போய் ப்ரூஃப் வந்ததும் நாத்தனார் துண்டுகளை எடுத்து வாசித்தாள்.

"பிளானெட். பழைய பொருள், அலைகிறவன் புள்ளி. வாக்கியம்: கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு கமா அதைத் தேடி அவர் மேசைக்கு மேசை ஒரு பிளானெட் போல..." அவள் குரல் மெல்ல இறங்கியது. "அலைந்தார் புள்ளி. அண்ணி!"

"என்ன? ஆச்சரியக்குறி எங்க இருக்கு அங்க?"

"அது என்னோடது. அண்ணி, இது யாருன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம்."

"பேரு போட்டிருக்கா?"

"போடல..."

"அப்ப அடுத்தது."

நாத்தனார் வாசித்தாள். 'கன்சிடர் பண்ணுகிறேன் என்று சொல்லி வாங்கிய பெட்டியை அவர் திருப்பித் தரவே இல்லை.' வாசித்தாள். 'அடுத்தவர் தேநீர் மேல் அவருக்கு இருந்த டிசையர் என்றைக்கும் ஆறியதில்லை.' வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தாள். 'அவருக்கு இன்ஃப்ளுயென்சா வந்த வாரம் அலுவலகமே ஆரோக்கியமாக இருந்தது.' அங்கே மேசைக்கடியில் குனிந்துவிட்டாள். இரண்டு நிமிஷம் முதுகு மட்டும் குலுங்கியது. வெளியே வந்தபோது கண்ணெல்லாம் நீர். உடனே பயமும் வந்துவிட்டது.

"அண்ணி, இதை சார் படிச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து சீட்டு கிழியும்."

"அவரு படிச்சா மாடியே இடிஞ்சு விழும். என்னிக்குப் படிச்சிருக்காரு? கையெழுத்துக்கு அனுப்பு."

ப்ரூஃப் போனது. பச்சை மையில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு புது முன்னுரையும் வந்தது. கொட்டை எழுத்தார் தன் கையாலேயே எழுதியது. நாத்தனார் அதை வாசிக்க வாசிக்க வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"இந்நூலின் ஒவ்வொரு வாக்கியமும்... என் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது கமா... நானே செதுக்கியது புள்ளி." நிமிர்ந்தாள். "அண்ணி, இதைத் திருத்தணுமா?"

அகராதி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "எழுத்துப் பிழை இருக்கா?"

"இல்ல."

"கமா, புள்ளி?"

"எல்லாம் சரியா இருக்கு."

"அப்புறம் என்ன? நாம எழுத்துப் பிழை மட்டும்தான் பார்க்கணும். அடுத்த பக்கம்."

முழுசாக அச்சடிப்பதற்கு முன்னால் மாதிரிக்கு இருபது பிரதி போட்டார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டு ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லை வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. மேடையில் கொட்டை எழுத்தார், ஒரு தலைமையாசிரியை, நடுவில் முதலாளியம்மா. கடைசி வரிசையில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில், அண்ணியும் நாத்தனாரும்.

"ஓடறதுக்கு வசதியா இருக்கு" என்றாள் நாத்தனார்.

"ஓடறது நாமில்ல" என்றாள் அகராதி.

கொட்டை எழுத்தார் மைக்கில் மூன்று தரம் செருமி, புத்தகத்தைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு வாக்கியமும் தன் வாழ்க்கை என்று முன்னுரையில் எழுதியதையே இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலைமையாசிரியையின் தேநீரை எடுத்துக் குடித்தார்.

முதல் பையன் எழுந்து டிசையரை வாசித்தான். தேநீர் வாக்கியம் ஹால் முழுக்கக் கேட்டது. மேடையில் தலைமையாசிரியை தன் முன்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

அடுத்த பெண் பிளானெட்டை வாசித்தாள். அந்த நேரம் பார்த்துக் கொட்டை எழுத்தார் சட்டைப்பையைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் மின்னியது. பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தால் புத்தகம் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக, பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் எழுந்தாள். சாட்டர்னைனை வாசித்துவிட்டு உட்காராமல் நின்றாள். "சார், ஒரு சந்தேகம்."

"கேளும்மா, கேளு."

"எல்லாத்துலயும் 'அவர்', 'அவர்'னு ஒரே ஆள்தான் வர்றாரு. முன்னுரையில இது எல்லாம் உங்க வாழ்க்கைன்னு போட்டிருக்கு. அப்ப அந்த ஆள் நீங்களா சார்?"

ஹால் சுவரெல்லாம் சிரித்தது. கொட்டை எழுத்தார் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டினார். புத்தகத்தைப் புரட்டினார். அவர் வாழ்க்கையில் தன் பேர் போட்ட புத்தகத்தை அவர் படித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்றாம் பக்கத்தில் காது சிவந்தது.

"இதை... இதை நான் எழுதல!" மைக் பக்கத்திலேயே இருந்தது.

"ஆனா சார், 'நானே செதுக்கியது'ன்னு..."

"இது அந்த ப்ரூஃப் பாக்கற பொம்பள எழுதினது!"

"யாரு சார் அது?"

ஆத்திரத்தில் அவர் பேரைச் சொல்லிவிட்டார். இனிஷியலோடு, முழுசாக. இருபத்திரண்டு வருஷமாக 'இந்தாம்மா' என்று மட்டும் கூப்பிட்ட வாய். ஒலிபெருக்கி அதை நாலு மூலைக்கும் எடுத்துக்கொண்டு போனது. நாத்தனார் அண்ணியின் முழங்கையை நறுக்கென்று கிள்ளினாள். அகராதி அசையவில்லை.

கம்பிப்பல் பெண் விடவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பித் தூக்கிக் காட்டினாள். "அப்ப இந்தத் தலைப்புகிட்ட இருக்கற நட்சத்திரம் அவங்களோடதா சார்? அடியில பேரே இல்லையே. நான் அச்சுப் பிழைன்னு நினைச்சேன்."

முதலாளியம்மா அப்போதுதான் கொட்டை எழுத்தார் பக்கம் மெதுவாகத் திரும்பினார். தலைமையாசிரியர்கள் எல்லாரும் வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்கள், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டும், எங்களுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை முதலாளியம்மா பதினாறு படியும் ஏறி மாடிக்கே வந்தார். "மூலத்தை எடுங்க. முதல் பதிப்போட மூலம்."

கொட்டை எழுத்தார் அலமாரியில் தேடுவதாகப் பாவனை செய்தார். அங்கே மேல்தட்டில் ஒன்பதாம் நம்பர் செருப்புப் பெட்டி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வேறு தாளில் எடுத்து எழுதக்கூடச் சோம்பல்பட்டு, துண்டுகளை அப்படியே அச்சுக்கோக்க அனுப்பியிருக்கிறார். முதலாளியம்மா மூடியைத் திறந்தார். எழுபத்துமூன்று துண்டு. எல்லாம் பென்சில், எல்லாம் ஒரே கையெழுத்து.

"ரெண்டாம் பதிப்புல அட்டையில உன் பேரு போடச் சொல்றேன்" என்றார் அகராதியிடம். "இவரு பேரை எடுத்துடலாம்."

"ஆமாங்க, எடுத்துடுங்க" என்றார் கொட்டை எழுத்தார் அவசரமாக. அவர் ஒரு புத்தகத்திலிருந்து தன் பேரை எடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அகராதி பென்சிலைக் காதில் சொருகினாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் ஒரு வருஷமாகச் சீவி வைத்திருந்தாள்.

"வேணாம்மா. சார் பேரு மேலயே இருக்கட்டும். அதே கொட்டை எழுத்துல. மேல பேரு இருந்தாத்தானே உள்ள வர்ற ஆளு யாருன்னு பிள்ளைங்களுக்குப் புரியும். முன்னுரையும் இருக்கட்டும். 'நானே செதுக்கியது'ங்கறதை மட்டும் அடிச்சுட்டா போதும். 'ஒவ்வொரு வாக்கியமும் என் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது'. அது உண்மைதானேம்மா? எனக்கு சார் சொன்ன இடம் போதும். நட்சத்திரத்துக்கு அடியில."

முதலாளியம்மாவுக்கு மறுபடியும் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. இந்தத் தடவை மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் தாள் பறந்தது.

"அம்மா, வாக்கியத்தையாவது மாத்தலாம்" என்றார் கொட்டை எழுத்தார். "எல்லாம் என்னைப் பத்தி..."

"எங்கயும் உங்க பேரு இல்லையே. உங்களைப் பத்தின்னு நீங்க சொன்னாத்தான் தெரியுது." முதலாளியம்மா படி இறங்கப்போனவர் திரும்பினார். "ரெண்டாம் ப்ரூஃப் இன்னும் பார்க்கலையே. வாசிக்கறவளுக்கு ஒரு வாரம் லீவு குடுங்க. இந்தத் தடவை நீங்களே உக்காந்து வாசிங்க."

"எனக்கு லீவே வேணாம்மா!" என்றாள் நாத்தனார். "நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்து கேட்டுக்கறேன்."

அப்படித்தான் அது நடந்தது. இடதுபக்கம் இரண்டாவது மேசையில், நாத்தனாரின் நாற்காலியில், கொட்டை எழுத்தார். கையில் துண்டுக் காகிதக் கட்டு. எதிரே ப்ரூஃபோடு அகராதி. ஓரத்தில் ஒரு தேநீரோடு நாத்தனார். தேநீரை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருந்தாள்.

"அவருக்கு இன்ஃப்ளுயென்சா வந்த வாரம்..."

"கமா இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப நிறுத்தாம வாசிங்க. குழந்தைங்க நிறுத்தாமத்தான் வாசிப்பாங்க."

முப்பதாவது சொல்லில் அவர் வேகம் குறைந்தது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஐம்பதாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் துடைத்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள், அதற்குமேல் இல்லை.

ஐம்பத்தாறாவது சொல் லூனடிக். இப்போது பைத்தியம் என்று பொருள், பழைய பொருள் நிலா பட்டவர். கொட்டை எழுத்தார் வாயைத் திறந்தவர் வாசிக்கவில்லை. அந்தத் துண்டில் இரண்டு வாக்கியம் இருந்தது. மேலே இருந்ததை ஒரே கோடாக அடித்திருந்தது. கோடு ஒன்றுதானே, அடியில் இருப்பது நன்றாகத் தெரிந்தது: 'அவர் வீட்டு லூனடிக் தினமும் மத்தியானம் குடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்.'

அது அவர் மனைவி. மூன்று வருஷமாக ஞாபகம் தப்பிப் போனவர். வெயிலோ மழையோ, குடையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நிற்கிற எல்லாரிடமும், "அவரு வந்துட்டாரா?" என்று கேட்பார். அந்த ஒரு நேரம் கொட்டை எழுத்தார் எந்த வேலையிருந்தாலும் போட்டுவிட்டு இறங்கிப் போய், கையைப் பிடித்து, குடையை விரித்து, வீட்டுக்குக் கூட்டிப்போவார். ஆபீசில் எல்லாரும் பார்த்ததுதான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அகராதியும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். எழுதிய அன்றைக்கும் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து கோடு போட்டாள். அடித்ததற்குக் கீழே வேறொன்று எழுதியிருந்தாள்: 'நிலாவைப் பார்த்து வழி தேடுகிறவரை லூனடிக் என்று சொல்லாதீர்கள்.'

"இதை..." என்றார் கொட்டை எழுத்தார். செருமவில்லை. "இதை ஏன் அடிச்சீங்க?"

அடிச்சீங்க. ஓரத்தில் நாத்தனார் தேநீரைக் கீழே வைத்தாள். அந்த வாய் அண்ணியை 'நீங்க' என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"தப்பா இருந்தது சார்."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல சார்."

அவர் துண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அகராதி ப்ரூஃபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது முகத்தைப் பார்த்தால் மிச்சம் பதினேழையும் விட்டுவிடச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஒரு வருஷக் கோபத்தை ஒரு குடைக்காக விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அவள் நல்லவள் இல்லை. ஆகவும் போவதில்லை.

"கீழ இருக்கறதை மட்டும் வாசிங்க சார்" என்றாள். "அப்புறம் அடுத்தது."

அவர் வாசித்தார். அடுத்ததையும் வாசித்தார். எழுபத்துமூன்று வரைக்கும், கமா விடாமல், புள்ளி விடாமல். கடைசியில் மிச்சமிருந்தது தலைப்புப் பக்கம்.

"தலைப்பு, 'விண்மீன் சொற்கள்'. பக்கத்துல நட்சத்திரம்."

"சின்ன நட்சத்திரம் சார்."

"சின்ன நட்சத்திரம். அடுத்த வரி, கொட்டை எழுத்துல..." தன் பேரை முணுமுணுத்துத் தாண்டினார். "பக்கத்துக்கு அடியில, சின்ன நட்சத்திரம். 'சொற்களும் வாக்கியங்களும்'..." அங்கே அவள் பேரை வாசித்தார்.

அகராதி ப்ரூஃபில் அந்த இடத்தில் பென்சில் முனையை வைத்திருந்தாள். ஆயிரம் பேருடைய பேரைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு வரி மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. அதை அவர் பார்ப்பதற்குள் குனிந்துகொண்டாள்.

"பொடி எழுத்தா இருக்கு, சரியாத் தெரியல சார். இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தார்.

"இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி சொல்லாம விட்டுட்டீங்க."

கொட்டை எழுத்தார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து, நிதானமாக, புள்ளியோடு சேர்த்து வாசித்தார். நாத்தனார் ஓரத்திலிருந்து எழுந்து, ஆறிப்போன தேநீரை எடுத்து வந்து, அண்ணியின் பக்கம் தள்ளி வைத்தாள்.